யாவா குமா ஏறாத பஸ்

அகோர்ஃபா டோட்சே ஹோ நகரத்து எஃப்.எம். நிலையம் ஒன்றில் ஆறேழு வருஷம் சாவு அறிவிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். வோல்ட்டா பக்கத்தில் அது லேசுப்பட்ட வேலை இல்லை. முதலில் ஊர்த் தலைவர் பெயர், அப்புறம் குடும்பத் தலைவர், மாமன்மார், மனைவி, பிள்ளைகள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் எந்தெந்த நாட்டில் என்பது உட்பட எல்லாம் முறைப்படி வர வேண்டும். ஒரு பெயர் இடம் மாறிவிட்டால் மறுநாள் காலை நிலையத்து வாசலில் கறுப்புத் துணி போர்த்திய நாலு பேர் நிற்பார்கள். செத்தவருக்காக அழுவதை விட்டுவிட்டு அவளோடு சண்டைக்கு நிற்பார்கள்.

நீ ஒடோய் என்ற பெயர்கொண்ட ஒருவன் அவளைச் சந்தித்தது அந்த வாசலில்தான். தலைநகர் அக்ராக்காரன், கணினி நிரல் எழுதுகிறவன். தாய்மாமன் இறந்துபோன செய்தியை வானொலியில் சொல்லவேண்டி ஹோவுக்கு வந்திருந்தான். மூன்று அத்தைகள் மூன்று விதமாகச் சொல்லியனுப்பிய பெயர்களைக் கசங்கிய தாள் ஒன்றில் எழுதிக்கொண்டுவந்து நீட்டினான். அகோர்ஃபா நாலு கேள்வி கேட்டாள், எழுதினாள், ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க கம்பெனியில பன்னெண்டு பேர் இருக்கோம். ஒருத்தனுக்கும் இப்படி எழுத வராது. வர்றீங்களா?" என்றான்.

"எனக்கு கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கத்தான் தெரியும்."

"அது போதும். மத்தத நாங்க சொல்லித் தர்றோம். நாங்க சொல்றது யாருக்கும் புரியறதில்ல, அதான் பிரச்சினையே."

அப்படித்தான் அவள் 'அசி'க்குக் கையேடு எழுதப் போனாள். அந்தப் பக்கத்து எவே மொழியில் அசி என்றால் கை. பெயர் வைத்தது அவள்தான். அதற்கு முன்னால் அந்தக் கருவிக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. விஷயம் இதுதான்: ஒரு வேலையைச் சொன்னால் தானாகவே செய்து முடிக்கிற ஏஐ நிரல்கள் வந்துவிட்டன, அவற்றை ஏஜென்ட் என்கிறார்கள். அவற்றுக்கு யோசிக்கத் தெரியும், கை கிடையாது. இணையப் பக்கத்தைத் திறக்கவும், அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கவும், கட்டத்தை நிரப்பவும், பொத்தானை அழுத்தவும் அசி கை கொடுத்தது. ஒவ்வொரு கட்டளையும் என்ன செய்யும், எப்போது செய்யாது, செய்யாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதுவது அகோர்ஃபாவின் வேலை.

ஹோவின் பாங்கோ பேட்டையில் இருந்த தன் வீட்டின் முன்னறையிலேயே உட்கார்ந்து எழுதினாள். மின்சாரம் போனால் பக்கத்து மருந்துக்கடை ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயர் வரும். அதற்கு ஈடாகக் கடைக்காரர் மகளுக்கு ஆங்கிலக் கட்டுரை திருத்திக் கொடுத்தாள். ஆரம்பத்தில் மனிதர்கள் படிப்பதாக நினைத்துத்தான் எழுதினாள். கொஞ்ச நாளில் நீ ஒடோய் போன் செய்து சிரித்தான்.

"கையேட்டப் படிக்க வர்றவங்கள்ல முக்காவாசிப் பேர் ஆளே இல்ல, அகோர்ஃபா. ஏஜென்ட்டுங்கதான். வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒருதடவ வந்து படிச்சிட்டுப் போகுதுங்க."

"அப்ப நான் மெஷினுக்கா எழுதறேன்?"

"மனுஷனவிட ஒழுங்கா படிக்குதுங்க, சந்தோஷப்படுங்க."

ஒழுங்காகத்தான் படித்தன. அதுதான் வினை. "பக்கம் வராவிட்டால் மீண்டும் முயற்சி செய்" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தாள். மனிதன் என்றால் நாலு தடவை பார்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். ஒரு ஏஜென்ட் சாயங்காலம்வரை முயன்றுகொண்டே இருந்தது. அன்று முதல் எத்தனை முறை, எவ்வளவு இடைவெளி, அதன்பிறகு யாரிடம் சொல்வது என்றெல்லாம் சேர்த்து எழுதப் பழகினாள். சாவு அறிவிப்பு எழுதிய கைக்கு அது சிரமமாக இல்லை.

வம்பு ஓர் உதாரணத்தில் வந்தது.

தனித்தனிக் கட்டளைகள் புரிகின்றன, ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரு வேலையைச் செய்து காட்டுங்கள் என்று பலரும் கேட்டிருந்தார்கள். அகோர்ஃபா பொருத்தமான பக்கம் ஒன்றைத் தேடினாள். பெரிய கம்பெனிகளின் பக்கங்களைத் திறந்தால் விளம்பரம் குதிக்கும், அனுமதி கேட்டுப் பெட்டி வரும், நீ மனிதன்தானா என்று புதிர் போடும். கடைசியில் பிலேவு டிரான்ஸ்போர்ட்டின் பக்கம் கண்ணில் பட்டது. பிலேவு என்றால் மெதுவாக என்று அர்த்தம். ஒரு பஸ் கம்பெனிக்கு அப்படிப் பெயர் வைக்கத் தைரியம் வேண்டும். ஹோவிலிருந்து கிழக்குச் சாலை வழியாக வடக்கே தமாலேக்கு வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பஸ். பக்கத்தில் மூன்றே கட்டம்: பெயர், தேதி, இருக்கை எண். ஒரே பொத்தான். காசை பஸ் நிலையத்தில் கொடுத்துக்கொள்ளலாம். கையேட்டுக்கென்றே செய்துவைத்ததுபோல் இருந்தது.

பயணியின் பெயருக்கு யாவா குமா என்று போட்டாள். வியாழக்கிழமை பிறந்த எவேப் பெண்ணுக்கு யாவா என்பது சாதாரணப் பெயர். தெருப்பேச்சில் யாவா என்றால் மானக்கேடு என்பதும் அவளுக்குத் தெரியும், எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை. பக்கத்தைத் திற, வரும் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடு, காலியாக உள்ள இருக்கையைப் பார், நிரப்பு, அழுத்து, மறுத்தால் வேறு இருக்கையை முயற்சி செய். பஸ் கம்பெனியிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. திறந்து கிடக்கும் பக்கம்தானே என்று விட்டுவிட்டாள். அந்த அத்தியாயம் ரொம்பப் பேசப்பட்டது. பிரேசிலிலிருந்து ஒருவர், கொரியாவிலிருந்து ஒருவர் என்று நன்றி எழுதினார்கள். நீ ஒடோய் அதையே முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டான்.

டிசம்பரில் அக்கா என்யோனாமுக்குக் குழந்தை பிறந்தது. பெயர் சூட்டு விழா என்குவான்டாவில், சனிக்கிழமை. தமாலே பஸ் அந்த வழியாகத்தான் போகும். வெள்ளிக்கிழமை விடிந்ததும் அகோர்ஃபா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனாள். பாலைவனத்திலிருந்து வீசும் ஹர்மட்டான் காற்றின் புழுதியில் அடாக்லு மலை இருந்த இடமே தெரியவில்லை. பஸ் பக்கத்தில் ஒரே கூட்டம். வாசலில் சாரிட்டி ஒலிபெருக்கியோடு நின்றாள், பிலேவுக்கு டிக்கெட் கொடுக்கிறவள், கட்டையான உருவம், தலையில் மஞ்சள் துணி.

"டாவி, என்குவான்டாவுக்கு ஒரு சீட்டு," என்று அகோர்ஃபா கேட்டாள். அங்கே பெண்கள் ஒருவரையொருவர் டாவி, அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சீட்டு இல்ல டாவி. எல்லாம் போயிடுச்சு. ஓரமா நில்லு, யாராச்சும் வரலன்னா பாக்கலாம்."

ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே அங்கங்கே இருக்கை காலியாகத்தான் கிடந்தது. பின்னால் நின்ற ஒருவர் கத்தினார், "காலியா கிடக்குது, இல்லங்கிற! பேய்க்கா சீட்டு புடிச்சு வச்சிருக்க?"

"பேர் பதிஞ்சிருக்குய்யா! வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது? வண்டி கிளம்புற வரைக்கும் குடுக்கக்கூடாதுன்னு முதலாளி உத்தரவு."

அகோர்ஃபா அபோலோ என்கிற சோள அப்பமும் பொரித்த பொடிமீனும் வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றாள். ஒரு வாய் வைத்திருப்பாள். ஒலிபெருக்கி கரகரத்தது.

"யாவா குமா! இருக்கை ஏழு, யாவா குமா! இருக்கை எட்டு, யாவா குமா! இருக்கை பதினொண்ணு, யாவா குமா! எய், இந்தக் குடும்பத்துல எல்லாருக்கும் ஒரே பேரா? யாவா குமா, எங்கம்மா இருக்க நீ?"

கூட்டம் சிரித்தது. "பேரே யாவா! மானம் போனது சரியாத்தான் இருக்கு!" என்றான் ஒரு சுமைதூக்கி. சாரிட்டி சிரிக்கவில்லை. ஒன்பது தடவை அந்தப் பெயரைக் கூப்பிட்டாள்.

அகோர்ஃபா அபோலோவை அப்படியே மடித்துப் பையில் வைத்தாள். தான் ஒரு மத்தியானம் சும்மா கற்பனை பண்ணின பெண், ஒன்பது ஆளாக இந்தப் புழுதியில் தேடப்படுகிறாள். கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் போய் நீ ஒடோயைக் கூப்பிட்டாள். அவன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான்.

"அசிய உபயோகிக்கிறவங்க உதாரணத்த அப்படியே ஓட்டிப் பாத்திருக்காங்க. ஏஜென்ட்டும் அசி சரியா வேலை செய்யுதான்னு சோதிக்க அதையேதான் எடுத்திருக்கும்."

"சோதனையோட நிறுத்த வேணாமா?"

"எங்க நிறுத்தணும்னு எழுதலியே நீங்க."

எழுதவில்லைதான். உதாரணத்தை அவன் அப்போதே தூக்கிவிட்டான். என்ஜின் முறுக்கியதும் சாரிட்டி காலி இருக்கைகளைத் திறந்துவிட்டாள். அதற்குள் காத்திருந்தவர்களில் பாதிப்பேர் டாக்சி பிடித்துப் போயிருந்தார்கள். அகோர்ஃபாவுக்குக் கிடைத்தது பதினொன்றாம் எண். யாவா குமாவின் இடம். அதில் அவள் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தாள்.

ஹோஹோ ஊரைத் தாண்டியதும் டிரைவர் முன்வரிசைக்காரனிடம் பேசிக்கொண்டு வந்தது காதில் விழுந்தது.

"எல்லாம் சாரிட்டி வேலதான். பொய்ப்பேர்ல சீட்ட ஒளிச்சு வெச்சு புரோக்கர்ட்ட விக்கிறா. வித்தது போக மிச்சம்தான் இப்படிக் காலியா வருது. முதலாளிக்குத் தெரிஞ்சுபோச்சு. இந்த மாசத்தோட வீட்டுக்குப் போ-ன்னுட்டாரு."

"அவ சர்ச்சுல பாடறவளாச்சே?"

"பாடறவ திருட மாட்டாளா என்ன?"

அகோர்ஃபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெயர் சூட்டு விழாவில் குழந்தையைக் கையில் கொடுத்தார்கள், வாங்கினாள், கொஞ்சினாள். "ஏண்டி மூஞ்சி செத்துக் கிடக்கு?" என்று அக்கா கேட்டதற்கு, பயண அலுப்பு என்றாள். உதாரணத்தை எடுத்தாகிவிட்டது, இனி அந்தப் பெயர் வராது, சாரிட்டி மேல் விழுந்த பேச்சும் தானாக அடங்கிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

புதன்கிழமை ஹோவுக்குத் திரும்பி பிலேவு பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அடுத்த வெள்ளிக்கும் ஏழாம் இருக்கை நிரம்பியிருந்தது. பத்தாம் இருக்கை, பதினாலு. பக்கத்தில் பெயர் தெரியாது, ஆனால் யார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நாம எடுத்துட்டோம், சரி," என்றான் நீ ஒடோய். "அதப் பாத்து காப்பி எடுத்து வெச்சவங்க எத்தன பேரோ. பாடம் நடத்தறவங்க அவங்க பாடத்துல போட்டிருக்காங்க. அதையெல்லாம் எப்படி எடுக்கிறது?"

"அப்ப நான் போய்ச் சொல்லணும்."

"நம்ம கம்பெனி வக்கீல்கிட்ட ஒரு வார்த்த—"

"அந்தப் பொம்பளைக்கு வேல போகுது, நீ ஒடோய்."

மறுநாள் காலை மடிக்கணினியை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனாள். பிலேவின் அலுவலகம் டயர்க் கடைக்கு மேல் இருந்த ஒற்றை அறை. முதலாளி எஃபோ சாட்சு பழைய லாரி டிரைவர், இப்போது முழங்கால் வலியோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். ஊரே அவரை எஃபோ, அண்ணன் என்றுதான் கூப்பிடும். சாரிட்டி மூலையில் நின்று, மாசக் கடைசிக்கு முன்னால் ஒப்படைக்க வேண்டிய சாவிகளுக்கு அடையாளத் துணி கட்டிக்கொண்டிருந்தாள்.

"எஃபோ, அந்த யாவா குமா பேர்ல சீட்டு போடறது டாவி சாரிட்டி இல்ல. ஏஜென்ட்டுங்க," என்றாள் அகோர்ஃபா.

சாட்சு மேஜையைத் தட்டினார். "நான் சொல்லல? ஏஜென்ட்டுங்கதான்னு சொல்லல? எந்த ஏஜென்ட்டு? வாசல்ல நின்னு சீட்டு விக்கிற அந்த ஒத்தக் காது டோக்போவா?"

"அந்த ஏஜென்ட் இல்ல எஃபோ. கம்ப்யூட்டர் ஏஜென்ட்."

"கம்ப்யூட்டர் எதுக்கும்மா தமாலே போகுது?"

சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிவிடலாம் என்று மடிக்கணினியைத் திறந்தாள். பழைய உதாரணத்தின் காப்பி ஒன்றை ஏஜென்ட்டிடம் கொடுத்து, இதைச் செய் என்றாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். பிலேவின் பக்கம் தானாகத் திறந்தது. தேதி தானாக மாறியது. பெயர்க் கட்டத்தில் யா என்று வந்தது, வா என்று வந்தது, யாரும் விசையைத் தொடவில்லை. கடைசிப் பொத்தானை அழுத்தும் முன் அகோர்ஃபா நிறுத்தினாள்.

"எய்!" என்று சாரிட்டி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இத எழுதினது நான்தான்," என்றாள் அகோர்ஃபா. "பேரும் நான் வெச்சதுதான். உங்க பக்கத்த உங்களக் கேக்காம போட்டுட்டேன். தப்பு என்னோடது."

சாரிட்டி அவளையே உற்றுப் பார்த்தாள். முகம் மெல்ல மாறியது.

"போன வெள்ளிக்கிழமை நீ இங்கதான நின்ன? அபோலோ வாங்கிட்டு அந்த ஓரமா?"

"ஆமா."

"நான் தொண்ட கிழியக் கத்துனேன். அத்தன பேரும் சிரிச்சான். அப்ப உனக்குத் தெரியும்?"

"தெரிஞ்சுது."

"அப்ப ஏன் வாயத் திறக்கல?"

"பயந்துட்டேன்."

"பயந்துட்டாளாம்! நான் ராவெல்லாம் தூங்கல. எங்க சர்ச்சுல பாட்டுக் கூட்டத்துல என் பக்கத்துல நிக்க ஒருத்தி யோசிக்கிறா. உனக்கு பயமா இருந்துச்சு!" சாவிக்கொத்தை மேஜைமேல் வீசினாள். "எஃபோ, நீங்களும்தான். பதினஞ்சு வருஷமா இருக்கேன். ஒருவார்த்த என்னைக் கேட்டீங்களா?"

சாட்சு முழங்காலைத் தடவிக்கொண்டார். "சாவிய எடுத்து வெச்சுக்க," என்றார்.

"எடுக்க மாட்டேன். டிரைவருங்க எல்லாரையும் கூப்பிட்டு அவனுங்க முன்னாடி சொல்லுங்க."

அவர் சொன்னார். அன்று மத்தியானம், எல்லா டிரைவர்களும் நிற்க, பஸ் படிக்கட்டில் ஏறி நின்று, உரக்க இல்லாவிட்டாலும் கேட்கும்படியாகச் சொன்னார். சாரிட்டி அதற்குப் பிறகுதான் சாவியை எடுத்தாள்.

பக்கத்தைச் சரிபண்ணுவது அவ்வளவு சுலபமாக முடியவில்லை. "அந்தப் பேர வாங்காதேன்னு போட்டுடுங்க, தீந்துது," என்றார் சாட்சு. போட்டார்கள். ஏஜென்ட்டுகள் கெட்டிக்காரத்தனமாக ஒய். குமா என்று முயன்றன, யாவா என்று மட்டும் போட்டுப் பார்த்தன, ஒன்று தன்னை ஏவிய எஜமானரின் பெயரையே போட்டது. டென்மார்க்கில் யாரோ ஒரு மனிதருக்கு தமாலே பஸ்ஸில் இடம் கிடைத்தது. மறுத்தால் வேறு வழி பார் என்று சொல்லிக் கொடுத்ததே தான்தான் என்பதால் அகோர்ஃபாவால் யாரையும் குறைசொல்ல முடியவில்லை.

கடைசியில் நீ ஒடோயிடம் சொன்னாள். "அதுங்க பழகறதுக்கு நாமளே ஒரு பொய் பஸ் பக்கம் செஞ்சு வெச்சுடலாம். பிலேவு பக்கத்துல மேலயே நான் நாலு வரி எழுதறேன்."

"யாருக்கு எழுதறீங்க?"

"ஏஜென்ட்டுக்குத்தான். பக்கத்தப் பாக்காம அது பொத்தான அழுத்தாதில்ல?"

"எழுதி வெச்சா கேக்குமா?"

"நான் எழுதினதக் கேட்டுத்தான இவ்வளவும் வந்துச்சு."

டயர்க் கடை மாடியிலேயே உட்கார்ந்து எழுதினாள். சாரிட்டி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தபடி நின்றாள். "இது உண்மையான பஸ். இருக்கை பிடித்தால் ஒரு மனிதர் வந்து உட்கார வேண்டும். நீ பழகிப் பார்க்க வந்த நிரல் என்றால், அல்லது பயணம் போகிறவர் யார் என்று உனக்குத் தெரியாது என்றால், பொத்தானை அழுத்தாதே. பழகுவதற்கு வேறு பஸ் இருக்கிறது. அதன் முகவரி கீழே."

"ஜனங்க வெயில்ல நிக்கிறாங்கன்னும் போடு," என்றாள் சாரிட்டி.

"அது மெஷினுக்குத் தேவையில்ல டாவி."

"எனக்குத் தேவ. போடு."

போட்டாள். பயணியின் போனுக்கு ஓர் எண் வந்து, அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் இருக்கை உறுதி என்றும் பக்கத்தில் சேர்த்தார்கள். இரண்டில் எது வேலை செய்தது என்று நீ ஒடோய்க்கும் அவளுக்கும் இன்றுவரை வாக்குவாதம் உண்டு. எப்படியோ அடுத்த வெள்ளிக்கு இரண்டு யாவா குமாதான் வந்தார்கள், அதற்கடுத்த வாரம் யாரும் இல்லை. காலியாய் ஓடின இருக்கைகளுக்கு நீ ஒடோயின் கம்பெனி ஈடு கொடுத்தது, சாட்சு பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டார். கையேட்டின் முதல் பக்கத்தில் இப்போது உதாரணம் எதுவும் இல்லை. அடுத்தவரின் நேரத்தையோ இடத்தையோ பொருளையோ தொடும் பொத்தான் எது, அதற்கு முன்னால் யாரிடம் கேட்க வேண்டும் என்ற அத்தியாயம்தான் இருக்கிறது. அதை எழுத அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் பிடித்தது. இதற்குப் பிரேசில்காரரிடமிருந்து நன்றிக் கடிதம் ஏதும் வரவில்லை.

சாரிட்டி அவளைச் சட்டென்று மன்னித்துவிடவில்லை. என்குவான்டாவுக்கு டிக்கெட் எடுக்க வரும்போதெல்லாம் வேண்டுமென்றே கடைசியாகத்தான் கூப்பிட்டாள். ஈஸ்டருக்கு அப்புறம் அது குறைந்தது. ஒருநாள் கூட்டம் இல்லாத நேரத்தில் அவளாகவே கேட்டாள்.

"அந்தப் பொய் பஸ்ஸ எங்கிட்டக் காட்டினதே இல்லியே."

அகோர்ஃபா போனில் திறந்து காட்டினாள். பழகும் பஸ் அன்றைக்கும் கடைசி இருக்கைவரை நிரம்பியிருந்தது. மறுநாளைக்கும் நிரம்பியிருந்தது.

சாரிட்டி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "எய், எத்தன பேரு! காசு வாங்கறீங்களா?"

"இல்ல டாவி. அது எங்கயும் போகாது."

"போகாத வண்டிக்கு இவ்ளோ கிராக்கி," என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். தன் பஸ்ஸில் இன்னும் நாலு இடம் காலி. ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு சாலைப் பக்கம் நடந்தாள். "தமாலே! தமாலே! என்குவான்டா, தமாலே!"